குஞ்சு காக்கும் விரால்

செஞ்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டைதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மிச்சம் இருக்கும் ஒன்று நம்முடையது. அன்றிலிருந்து என்னோடு அஞ்சல் துறையில் வேலை பார்த்த பழைய நண்பர்கள் போனில் பேசினால், ராஜகிரி ஏற எவ்வளவு நேரம் ஆகும், முட்டி வலி உள்ளவர்கள் ஏறலாமா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஏறலாம், காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள், தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், குரங்கிடம் ஜாக்கிரதை என்று சொல்லி வைக்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு மலையைவிட மலையடிவாரத்தில் தேங்கும் தண்ணீரைத்தான் அதிகம் தெரியும்.

இந்தப் பாறை மலைகளில் பெய்யும் மழை நிற்காது. வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் கோட்டைக்குள் செட்டிக்குளமும் சக்கரைக்குளமும், வெளியே ஊருக்கு ஊர் ஏரியும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏரி நிரம்பி வழிவது சங்கராபரணி ஆற்றில் சேர்ந்து, வீடூர் அணை வழியாகப் புதுச்சேரிப் பக்கம் கடலுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வரும். சித்திரை, வைகாசியில் ஏரி வெடித்துக் கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் மீன்பிடிக் காலம்.

எங்கள் ஏரி மீன்களில் கெண்டை, கெளுத்தி, குறவை, அயிரை, உளுவை எல்லாம் உண்டு. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை குத்தகைக்காரர் குஞ்சாக வாங்கி வந்து விடுபவை. ஜிலேபி 1950களில் நம் நாட்டுக்கு வந்து, யாரும் அழைக்காமலே எல்லா ஏரிக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஏரிக்கு ராஜா விரால்தான். முள் குறைவு, சதை கெட்டி. பிரசவித்தவளுக்கும் ஆபரேஷன் முடிந்தவருக்கும் தேடி வாங்கிக் கொடுப்பார்கள். அன்றும் இன்றும் மற்ற ஏரி மீனைவிட அதற்கு விலை அதிகம்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுத்தான் கீழே போகும். மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். அதே காரணத்தால் தண்ணீரை விட்டு வெளியே எடுத்தாலும் உடனே சாகாது. ஈரக் கோணியில் சுற்றி வைத்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஏரி வற்றும்போது சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும். எங்கள் ஏரியில் விரால் குஞ்சு வாங்கி விட்டவர்கள் யாரும் இல்லை. சேற்றில் தப்பிப் பிழைத்த நான்கைந்துதான் அடுத்த வருடத்துக்கு விதை.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் என் சித்தப்பா. அவர் கையில் ரீலும் கிடையாது, கண்ணாடி இழைக் கழியும் கிடையாது. ஒரு மூங்கில் கழி, நரம்பு, முள், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை. கெண்டைக்கு மண்புழு. விராலுக்கு மட்டும் தனிக் கழி, தடித்த நரம்பு, பெரிய முள். அதில் சின்னத் தவளை ஒன்றைக் கோத்து, அல்லி இலைகளுக்கு இடையே தண்ணீர் மேலே தத்தித் தத்திப் போகிற மாதிரி ஆட்டிக்கொண்டு வருவார். ‘சளப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே இழுக்கக் கூடாது. அது விழுங்கட்டும் என்று ஒரு மூச்சு பொறுக்க வேண்டும். அந்த ஒரு மூச்சைப் பொறுக்கத் தெரியாதவனுக்கு விரால் கிடையாது.

சித்தப்பா ஒரே ஒரு விராலை மட்டும் தொட மாட்டார். புதுத் தண்ணீர் வந்து சில வாரம் கழித்துக் கரையோரப் புல்லுக்குப் பக்கத்தில் பார்த்தால், ஓரிடத்தில் தண்ணீர் சிவப்பாகத் தெரியும். சோறு கொதிப்பது போல அந்த இடம் மட்டும் பொடிப்பொடியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். அத்தனையும் விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரத்துக்கு மேலும் ஒரே கூட்டமாக இருக்கும். காற்று குடிக்க மேலே வந்து வந்து போகும். அதற்குக் கீழே ஓர் அடி ஆழத்தில் தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டிருக்கும். கெளுத்தி வந்தாலும், தண்ணீர்ப் பாம்பு வந்தாலும் பாய்ந்து விரட்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. குஞ்சு பொரித்த விராலுக்குக் கண் தெரியாமல் போய்விடுமாம், குஞ்சுகள் தாமாகவே தாயின் வாய்க்குள் போய் உணவாகுமாம். படித்துக் கண்ணீர் விட்டதாக என் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கண் தெரியாத மீன், பத்தடி தள்ளி விழும் தவளையைக் குறி தப்பாமல் எப்படி அடிக்கும்? அதன் கண் நன்றாகவே தெரியும். அதனால்தான் மாட்டிக்கொள்கிறது. அந்தச் சிவப்பின் நடுவில் எதைப் போட்டாலும் அது பசிக்குக் கடிப்பதில்லை. குஞ்சைத் தின்ன வந்தது என்று கோபத்தில் கடிக்கிறது. ஏரியிலேயே மிகச் சுலபமாகப் பிடிக்கக்கூடிய விரால் அதுதான். தூண்டில் பிடிக்கத் தெரியாத பையன்கூடப் பிடித்துவிடலாம்.

1967 என்று நினைக்கிறேன், எனக்குப் பதின்மூன்று வயது. கூலி வேலை சரியாகக் கிடைக்காத கார்த்திகை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர் ஒருவர் அப்படிக் குஞ்சு காத்த விராலைப் பிடித்து, ஈரக் கோணியில் சுற்றிக் கரையில் வைத்துவிட்டு, மற்றதற்காக உட்கார்ந்திருந்தார். அவர் மனைவிக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சித்தப்பாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

“எப்பப்பா பிடிச்ச?”

“விடிகாலையிலண்ணே. தப்புன்னு தெரியும். வூட்ல ஒண்ணும் இல்லண்ணே.”

சித்தப்பா அவரைத் திட்டவில்லை. வேறு பக்கமாகப் போய் ஒரு மணி நேரம் நின்றார். அதிர்ஷ்டம், ஏறக்குறைய அதே எடையில் வேறொரு விரால் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து அவர் கோணியில் போட்டுவிட்டு, இருந்ததை எடுத்துக்கொண்டுபோய்ப் பிடித்த இடத்திலேயே விட்டார். அது வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகுமுன் ஓடிப் போய்ப் பார்த்தேன். சிவப்பைக் காணோம். அந்த ஓரம் முழுவதும் நடந்து தேடினேன். கொக்குகள் நின்றிருந்தன, அவ்வளவுதான். “மீனைத் திருப்பி வுட்டோமே சித்தப்பா, குஞ்சு எங்க போச்சு?” என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. “நேரமாயிடுச்சுடா” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம் கிடைக்க எனக்கு ஐம்பது வருடம் ஆனது. அதுவும் கடல் தாண்டிப் போய்க் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு கனடாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். மே மாதக் கடைசி. அங்கே ஏரிகளில் பனிக்கட்டி உருகி மாதம் ஒன்றுதான் ஆகியிருந்தது. அவர்களுக்கு அது வசந்தம், எனக்கு இரண்டு ஸ்வெட்டர். மகளின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், தூண்டில் பைத்தியம். டொரன்டோவுக்கு வடக்கே உள்ள ஓர் ஏரிக்கு எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு போனார்.

மரப்பலகைத் துறையில் நின்று கீழே பார்த்தால் தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. ஆள் உயரத்துக்கும் குறைவான ஆழத்தில், கூழாங்கல்லைத் துடைத்து வைத்த மாதிரி தட்டு அளவில் ஒரு வட்டம். அதன் மேல் பழுப்பு நிறத்தில், செங்குத்தாகக் கறுப்புப் பட்டை போட்ட ஒரு மீன் அசையாமல் நின்றது. ஸ்மால்மவுத் பாஸ் என்றார். கண் சிவப்பாக இருந்தது. பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுமாம். ஆண் மட்டும் வாரக்கணக்கில், சரியாகச் சாப்பிடாமல்கூட, முட்டையையும் குஞ்சையும் காக்குமாம்.

“எங்க ஊர் விரால் மாதிரியே இருக்குதே” என்றேன்.

“ஓம் அண்ணை, எங்கட குளத்திலயும் விரால் இருக்கு. ஆனா இங்க இதை இப்ப பிடிக்கேலாது. ஜூன் பிற்பாடு மட்டும் பொறுக்கவேணும். சட்டம்.”

ஒன்டாரியோவின் பல பகுதிகளில் இந்த மீனுக்கு அப்படி ஒரு தடைக்காலம் உண்டு. பிடித்துவிட்டு உடனே தண்ணீரில் விட்டால் என்ன என்று கேட்டேன், சித்தப்பாவை நினைத்துக்கொண்டு. அதற்கு அவர் சொன்னதைத்தான் நான் இத்தனை நாளாக மனதில் வைத்திருக்கிறேன். அங்கே ஓபினிகான் என்று ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது. விஞ்ஞானிகள் தண்ணீருக்குள் முங்கிப் பார்த்திருக்கிறார்கள். காவல் மீன் தூண்டிலில் மாட்டிய சில நிமிடங்களிலேயே சுற்றி இருக்கும் சின்ன மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டையைத் தின்ன ஆரம்பித்துவிடுகின்றன. திருப்பி விடப்பட்ட மீனும் களைத்துப் போயிருக்கிறது. எவ்வளவு நேரம் வெளியே இருந்ததோ, கூட்டில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு அது கூட்டைக் கைவிட்டுப் போய்விடும் வாய்ப்பு அதிகம். எல்லாக் கூடும் அழிவதில்லை. சில மீன்கள் திரும்பி வந்து மிச்சத்தைக் காக்கின்றன. ஆனால் கணக்கு நிமிடத்தில்தான்.

எங்கள் விரால் விடிகாலையிலிருந்து வெயில் ஏறும்வரை கோணியில் கிடந்தது. மீன் உயிரோடுதான் இருந்தது. ஆனால் அது காத்த குஞ்சுகள் அவ்வளவு நேரம் காவல் இல்லாமல் இருந்தன. சித்தப்பா எந்த ஆய்வும் படிக்காமல் சொன்னது அதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம், என் அண்ணன் பேரன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அதில் எங்கள் பக்கத்து ஏரிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. தை பிறந்ததும் அவன் கையில் ரீல் கழியும் ரப்பர் தவளையும் வந்துவிட்டன. நல்ல பையன். எதையும் கொல்ல மாட்டான். பிடித்து, கையில் தூக்கி ஒரு வீடியோ எடுத்துவிட்டு, ஏரியிலேயே விட்டுவிடுவான். ஒரு நாள் அந்த வீடியோவை என்னிடம் காட்டினான். திரையின் ஓரத்தில் சிவப்புத் தெரிந்தது.

“இது குஞ்சு காக்கிற விரால்டா.”

“ஆமா தாத்தா, அதான் ஈஸியா அடிச்சுது. விட்டுட்டேனே, என்ன இப்போ?”

திட்டினால் எழுந்து போய்விடுவான் என்று தெரியும். அதனால் கேள்வியாகவே கேட்டேன். முள்ளைக் கழற்ற, எடை போட, வீடியோ எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்றேன். ஐந்தாறு நிமிஷம் என்றான். அந்த ஐந்தாறு நிமிஷம் குஞ்சுகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனும் விடவில்லை.

“ஒரு ஜோடி போனா ஏரியே காலியாயிடுமா தாத்தா?”

நியாயமான கேள்விதான். கனடாவில் ஏரி என்றால் கடல் மாதிரி, எத்தனையோ கூடுகள். அங்கேயே தடை வைத்திருக்கிறார்கள். நம் ஏரி வெயில் காலத்தில் கிரிக்கெட் மைதானம். சேற்றில் தப்பும் நான்கைந்து விரால் போட்ட குஞ்சுதான் நமக்கு எல்லாம். அதிலும் ஏலம் எடுத்தவர் வலை போட்டு அரித்த பிறகு மிஞ்சுவது இன்னும் குறைவு. கடலுக்கு நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை இருக்கிறது. எங்கள் ஏரிக்கரையில் அப்படி ஒரு தேதியை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே தடையாக இருந்ததெல்லாம் சித்தப்பாவைப் போல நாலு பேர் கரையில் நின்றதுதான். அவர்கள் யாரும் இப்போது இல்லை.

பசிக்குப் பிடித்த அந்த மனிதரை நான் குறை சொல்ல மாட்டேன். சித்தப்பாவே சொல்லவில்லை. ஆனால் பசியும் இல்லாமல், விற்பனையும் இல்லாமல், வேடிக்கைக்காகத் தூண்டில் போடுகிற நமக்கு, அந்த ஒரு மீனை மட்டும் விட்டு வைப்பதில் என்ன நஷ்டம்? திறமையைக் காட்ட வேண்டுமானால் அல்லிக்குள் பதுங்கியிருக்கும் தனி விராலைப் பிடித்துக் காட்டட்டும். அதுதான் கஷ்டம்.

பேரன் கடைசியாக, “எவ்வளவு நாள் விட்டு வைக்கணும்?” என்று கேட்டான். சிவப்பு மாறிக் கறுத்து, குஞ்சுகள் தனித்தனியே பிரியும்வரை என்றேன். ஏறக்குறைய ஒரு மாதம், சில சமயம் கொஞ்சம் கூடுதலாகவும் ஆகும். போனில் எதையோ குறித்துக்கொண்டான். கேட்டுக்கொண்டானா, தாத்தாவைச் சமாதானப்படுத்தினானா என்பது அடுத்த கார்த்திகையில்தான் தெரியும். உங்கள் ஊர் ஏரியிலும் தண்ணீர் சிவப்பாகக் கொதிக்கும் இடத்தைப் பார்த்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தூண்டிலை வேறு பக்கம் போடச் சொல்லுங்கள்.