மிகைக் கிளர்வா, குறைக் கிளர்வா?
மொழியியல் படித்தவருக்குச் சுண்டெலியின் தண்டுவடத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இயக்க நரம்பணு நோயால் பேச்சுக் குழறியவர்களின் ஒலிகளை அளப்பதே என் ஆய்வு. நாவை இயக்கும் அணுக்கள் மூளைத்தண்டில் இருப்பவை என்பது உண்மை. ஆயினும் தண்டுவட அணுக்கள் அவற்றின் உடன்பிறப்புகள்.

பிறழ்ந்த மனித எஸ்ஓடி1 மரபணுவைத் தாங்கிய சுண்டெலிகள் 1994இல் அறிமுகமாயின. மின்துடிப்பு எழத் தேவையான மிகக் குறைந்த மின்னோட்டம், அணுச்சவ்வின் மின்தடை ஆகியவற்றை அளந்து, நலமுள்ள எலிகளோடு ஒப்பிடுகிறார்கள். பிறந்து சில நாட்களே ஆன நோய் எலிகளில் மிகைக் கிளர்வைக் கண்டவர்கள் உண்டு. வளர்ந்த எலிகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரையோ, மிகைக் கிளர்வு இல்லை, ஒரு பகுதி அணுக்கள் தொடர்ந்து துடிக்கும் திறனையே இழந்திருந்தன என்றது.

இது சொற்போர் அன்று. மிகையெனில் அடக்க வேண்டும். 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ரிலுசோல் அவ்வழிப்பட்டது, அது நீட்டிக்கும் வாழ்நாள் சில மாதங்களே. குறையெனில் தூண்ட வேண்டும். ('கிளர்ச்சி' என்றால் மறியல் நினைவுக்கு வருவதால் 'கிளர்வு' என்கிறேன்.)

மாதந்தோறும் ஒலிப்பதிவுக்கு வரும் பெரியவரின் ழகரம் இப்போது யகரமாகிவிட்டது. எலிகளிடம் என்ன கண்டார்கள் என்று அவரே கேட்டார். இரண்டையும் சொன்னேன்.