ஸ்பார்க் எங்கே போச்சு?

ஆண்டு மலருக்கு ஆளாளுக்குக் கவிதை கொடுத்துவிட்டார்கள். நான் ஒரு சி.டி.ஐ. பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. பிரித்துப் பார்க்க முடியாது; உள்ளே பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஆர்.எக்ஸ்.100. 1985-ல் வந்து 1996-ல் தயாரிப்பு நின்ற டூ ஸ்ட்ரோக் வண்டி, 98 சி.சி. நம்ம பசங்களுக்கு அது கனவு வண்டி, எங்கப்பாவுக்கு மீன் வண்டி. விடியற்காலை நெம்மேலிக் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, திருப்போரூர் பக்கம் தெருத்தெருவாக விற்பார். போன சித்திரையில் அதற்கு ஒரு வியாதி வந்தது. வீட்டில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி, சூடேறினதும் பட்டென்று நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறினால் மறுபடி ஓடும். அந்த அரை மணியில் ஐஸ் கரைந்துவிடும். கானாங்கெளுத்தி காத்திருக்குமா?

"சி.டி.ஐ. போச்சு, மாத்திடுங்க" என்றார் மெக்கானிக் அண்ணன். அப்பா என்னைப் பார்த்தார். "நீதானே படிக்கிற, சொல்லு."

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். வைவாவில்கூட எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

விஷயம் இதுதான். மேக்னட்டோவில் உள்ள சோர்ஸ் காயில், பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரை 200, 300 வோல்ட் வரை நிரப்புகிறது. பிக்கப் காயில் சைகை கொடுத்ததும் எஸ்.சி.ஆர். திறந்து, அத்தனையும் ஒரே மூச்சில் இக்னிஷன் காயிலுக்குப் பாய்கிறது. அங்கே பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்கில் பொறி தட்டுகிறது. (இப்படிக் கெப்பாசிட்டரை வைத்துப் பொறி உண்டாக்க நிக்கோலா டெஸ்லா 1898-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்!) ஆக, பொறி இல்லையென்றால் சந்தேகப்பட இத்தனை பேர் இருக்கிறார்கள். பெட்டி வாய் பேசாது, அதனால் பழி அதன் மேல்.

வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் மல்டிமீட்டர் வைத்தேன். ஆறின பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். சோர்ஸ் காயில், பிக்கப் காயில் இரண்டிலும் எதிர்ப்பு லேசாகக் கூடியிருந்தது. செம்பு சூடானால் அப்படித்தான். கம்பி அறுந்திருந்தால் மீட்டர் ஒன்றுமே காட்டாது.

அடுத்து சாவி ஒயர். சாவியை அணைக்கும்போது அந்த ஒயர் எர்த் ஆகித்தான் எஞ்சின் நிற்கிறது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் கனெக்டரில் ஏறினாலும் அதே வேலையைச் செய்யும். கடல் தண்ணீரில் உப்பைப் பிரிக்க எங்கள் ஊரில் 2013-ல் பெரிய ஆலையே வந்தது. என் கையில் இருந்தது பழைய டூத் பிரஷ். தேய்த்தேன், அந்த ஒயரைக் கழற்றியும் ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் நின்றது. கடைசியாகப் பக்கத்துத் தெரு அண்ணனின் அதே மாடல் வண்டியிலிருந்து பெட்டியைக் கடன் வாங்கி மாட்டினோம். திருப்போரூர் போய்வந்தும் நிற்கவில்லை. "மாத்தலாம்ப்பா" என்றேன்.

எதை வாங்குவது? பேர் இல்லாத புதுப்பெட்டி மலிவாகக் கிடைத்தது. "எலெக்ட்ரிகல் ஐட்டம், ரிட்டர்ன் கிடையாது" என்றார் கடைக்காரர். இன்னொருவர் பெரிய வண்டியின் பெட்டியை நீட்டி, "சாக்கெட் கச்சிதமா உட்காரும்" என்றார். சாக்கெட் உட்காரும், டைமிங் உட்காருமா? பொறி முன்கூட்டியே விழுந்தால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனே ஓட்டையாகலாம். கடற்கரையில் சவாரி விடும் நாலு சக்கர ஏ.டி.வி.களிலும் இந்தத் தொல்லை உண்டு. சில பெட்டிக்கு மின்சாரம் சோர்ஸ் காயிலிலிருந்து, சிலதுக்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி!

கடைசியில் சென்னை புதுப்பேட்டைக்கே போனோம். அங்கே ஒருவர் இதே மாடலிலிருந்து கழற்றிய பழைய பெட்டி வைத்திருந்தார். "அரை மணி நேரம் ஓட விட்டுக் காட்டுங்க, அப்புறம் காசு" என்றேன். முறைத்தார். அப்பா, "பையன் டிப்ளமோ படிக்கிறான்" என்றார், ஏதோ கலெக்டர் வந்திருக்கிற மாதிரி. ஒரு வண்டியில் மாட்டி ஓடவிட்டார். கை வைக்க முடியாத சூட்டிலும் எஞ்சின் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து எர்த் முனையைச் சுரண்டி, கனெக்டரில் கிரீஸ் தடவி மாட்டினேன். மறுநாள் அப்பா வழக்கத்தைவிட ஒரு பெட்டி கூடுதலாக ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எனக்கு உட்கார இடமில்லாமல் பஸ்ஸில் காலேஜ் வந்தேன்.