ஈரத்துணி

எங்கள் வீட்டுக் காரின் முன்சக்கர பிரேக் பேடுகள் 3 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்துவிட்டதால், கோலார் தங்கவயலில் வீட்டு வாசலிலேயே நானும் அப்பாவும் அவற்றை மாற்றினோம். சக்கரத்தைக் கழற்றியவுடன் அப்பா கேட்டது ஸ்பானரை அன்று, ஈரத்துணியை. காலிப்பரில் படிந்திருந்த கரும்பொடியை ஊதவோ உலர்ந்த தூரிகையால் தட்டவோ அவர் விடவில்லை. நனைத்தே துடைக்கச் சொன்னார்.

அது சரியான முறை. பழைய பிரேக் பேடுகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தும் நோயாக வெளிப்படும். கல்நார் இல்லாத பேடுகளின் பொடியும் சுவாசிக்கத் தக்கதன்று.

அப்பா இதைப் படித்து அறிந்தவரல்லர். சுரங்கத்தில் பாறையைத் துளைத்தவர். 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய தங்கவயல் சுரங்கங்களில் சிலிக்காத் தூசி பல தொழிலாளரைச் சிலிக்கோசிஸ் நோயாளிகளாக்கியது. துளையிடும்போதே நீர் பாய்ச்சித் தூசியை அடக்குவது அங்கே உயிர்காக்கும் பழக்கம்.

புதிய பேடுகளைப் பொருத்தியபின், பெடல் இறுகும்வரை பலமுறை மிதித்துப் பார்த்த பிறகே வண்டியை நகர்த்தினோம்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. தோண்டிய தங்கத்துக்குக் கணக்கேடுகள் உண்டு. தொழிலாளரின் கைகளில் தங்கிய இவ்வறிவை அவர்களிடமே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அவர்கள் முதுமையடைந்து வருகிறார்கள். ஆய்வு மாணவர்கள் காலந்தாழ்த்த இயலாது.