ஒரு டம்ளர் தண்ணீர்

மார்கழி மாதம். சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்ககம். குளியலறை கீஸரின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்றவர் அவர். சொட்டிய சின்ன வால்வின் வாயை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து கீஸருக்குள் கடகடவென்று சத்தம். மருமகள் மெக்கானிக்கை வரவழைத்தார். வந்த இளைஞரின் கண்ணில் முதலில் பட்டது அந்த எம்-சீல்தான். சட்டென்று சுவிட்சை அணைத்தார்.

“இதை யாரும்மா அடைச்சது?”

“நான்தான் தம்பி. தண்ணி வீணாப் போகுதேன்னு... எங்க ஊர்ல செம்பு பாய்லர்லதான் வெந்நீர் போடுவோம். ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்லையே?”

“அதுல பச்சைத் தண்ணி ஊத்துற வாய் திறந்தே இருக்கும்மா. இது முழுக்க மூடின டேங்க். 15 லிட்டர் தண்ணி 60 டிகிரிக்குச் சூடானா, ஒரு டம்ளர் அளவு பெருகும். அது வெளியே போற வழிதான் இந்த வால்வு. இதையும் அடைச்சு, தெர்மோஸ்டாட்டும் பழுதானா டேங்கே வெடிக்கலாம்.”

மாமியார் பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். அன்று காலையும் பேரன் அந்தக் குளியலறையில்தான் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போயிருந்தான்.

“சொட்டினா பயப்பட வேண்டாமா?” என்றார் மருமகள்.

“சூடாகுற நேரத்துல சொட்டினா சரி. அணைச்ச பிறகும் விடாம ஒழுகினா வால்வை மாத்தணும்.”

சத்தத்துக்குக் காரணம் போர் தண்ணீர். ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு போல உப்பு படிந்திருந்தது. டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தான் கரைந்துபோகும் மெக்னீசியக் கம்பியும் பாதி தேய்ந்திருந்தது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் வருடம் ஒருமுறை இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது என்றார்.

நாள் முழுக்க ஓட வேண்டுமா? தேவையில்லை. 2,000 வாட் கீஸருக்கு 20 நிமிடம் போதும். முக்கால் யூனிட்கூட ஆகாது. குளிக்கும் முன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொன்னார்.

புது வால்வு மாட்டி, அதன் வாயில் சின்ன டியூப் ஒன்றைச் செருகினார். மறுமுனையை வாளிக்குள் விட்டார்.

“அதோட வாயை மட்டும் அடைச்சிடாதீங்கம்மா. தண்ணியும் வீணாகாது.”

மறுநாள் காலை வாளியில் சேர்ந்த தண்ணீரை எடுத்துப்போய் பால்கனி துளசிக்கு ஊற்றினார் மாமியார். பேரன் குளிக்கப் போகுமுன் கீஸர் சுவிட்சை அணைத்தாயிற்றா என்று இப்போது அவர்தான் முதலில் கேட்கிறார்.