மஃரிபுக்குப் பின் ஒரு மாத்திரை

வில்லியனூரில் எங்கள் மாமி, எச்.ஐ.வி. நோய்க்கான மாத்திரைகளை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். விருந்தாளிகள் வந்த நாள்களில் அவற்றை உட்கொள்ளாமலே இருந்துவிடுவார்.

மூன்று மருந்துகள் அடங்கிய அந்த ஒற்றை மாத்திரையை நாள்தோறும் குறித்த வேளையில் உண்டால் கிருமி அடங்கியிருக்கும். அடிக்கடி தவறினால் அம்மருந்துக்கே அது கட்டுப்படாமற் போகக்கூடும் என்று மருத்துவர் விளக்கினார். அன்றுதான் எங்கள் குற்றம் எங்களுக்குப் புரிந்தது. மாமியை ஒளிக்கச் செய்தது எங்கள் வாய்ப்பேச்சன்றோ?

2004 முதல் அரசு இம்மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. வீட்டார் வழங்க வேண்டியது அச்சமின்மை ஒன்றே.

இப்போது மஃரிபு தொழுது எழுந்ததும் பேரன் தண்ணீர்க் குவளையை நீட்டுகிறான். அவ்வேளையை மருத்துவரும் ஏற்றதால், ரமலான் நோன்பிலும் மாத்திரை தவறுவதில்லை.