உட்கார ஒரு ஸ்டூல்

எங்க ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒரு தடவை 'ஆரோக்கிய வாரம்'னு ஒண்ணு நடத்துவாங்க. லிஃப்ட் கதவு பூரா போஸ்டர், இன்பாக்ஸ் பூரா மெயில். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபது அடி தள்ளி இருக்கறதை இருபது செகண்ட் பாருங்க, மணிக்கணக்கா உட்கார்ந்தே இருக்காதீங்க, எந்திரிச்சு நடங்க... இப்படி. பொட்டி தட்டுறவங்களுக்கு இதெல்லாம் உபயோகம்தான். ஆனா அது ஏன் உபயோகமா இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. நான் எந்திரிச்சு நடந்தா ஏன்னு கேட்க ஆள் இல்லை. அதனாலதான்.

ஊருக்குப் போயிருந்தப்ப இதை எங்க பெரியம்மா பொண்ணுகிட்ட சொன்னேன். அக்கா ஒரு பெரிய ஜவுளிக்கடையில ஆறு வருஷம் சேலை செக்‌ஷன்ல நின்னவங்க. "எந்திரிக்கச் சொல்லி மெயில் அனுப்புறாங்களாடா? நாங்க உக்காந்தா சம்பளத்துல புடிப்பாங்க"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. காலைல ஒன்பதரைக்குக் கடைக்குள்ள போனா ராத்திரி ஒன்பதரை வரைக்கும், சாப்பாட்டு நேரம் போக, நின்னபடிதான். அடிக்கடி பாத்ரூம் போனா சூப்பர்வைசர் முறைப்பார்னு தண்ணி குடிக்கறதையே குறைச்சுக்கிட்டாங்களாம். இப்போ கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு பச்சைப் பச்சையா புடைச்சிருக்கு.

விஷயம் ரொம்ப சிம்பிள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒரு பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்துல நின்னா பம்பு சரியா ஓடாது. ரத்தம் கீழேயே தேங்கி சிரைகளுக்குள்ள அழுத்தம் கூடும். வருஷக்கணக்கா இப்படியே போனா வால்வு கெட்டு சிரை வீங்கிச் சுருண்டுடும். பரம்பரை, பிரசவம்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா இது அதோட வந்து சேரும். தண்ணி குடிக்காம அடக்கி வச்சா சிறுநீர்த் தொற்று வேற.

இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாதா? என்னை விட நல்லாத் தெரியும். அவங்களுக்குப் போய் 'நீண்ட நேரம் நிற்காதீர்கள்'னு நோட்டீஸ் கொடுத்தா என்ன பிரயோஜனம்? அவங்களுக்குத் தேவை ஒரு ஸ்டூல்!

இதைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டது கோழிக்கோட்டுப் பெண்கள். அங்க மிட்டாய்த் தெரு கடைகள்ல வேலை பார்த்தவங்களுக்கு கழிப்பறையே ஒழுங்கா கிடையாது. தையல் வேலை செய்துக்கிட்டிருந்த விஜி, 'பெண்கூட்டு'ங்கற அமைப்புல அவங்களை ஒண்ணு சேர்த்தார். முதல்ல கழிப்பறை கேட்டாங்க, அப்புறம் உட்கார உரிமை கேட்டாங்க. இவங்க யாருக்கும் அறிவுரை சொல்லலை. முதலாளிக்கும் அரசுக்கும் ஊருக்கும் உறைக்கற மாதிரி கேட்டாங்க, அவ்வளவுதான். 2018ல் கேரளாவில் சட்டம் திருத்தப்பட்டது.

நம்ம ஊர்ல 2021 செப்டம்பர்ல சட்டசபையில் மசோதா வந்துச்சு. 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி கட்டாயம்னு ஆக்கினாங்க. சந்தோஷம்தான். ஆனா இங்கிலாந்துல பெண் ஊழியர்களுக்கு மட்டுமாவது, மூணு பேருக்கு ஒரு இருக்கைன்னு 1899லயே சட்டம் போட்டுட்டாங்க. நமக்கு நூத்திச் சொச்சம் வருஷம் லேட்!

சட்டம் வந்தப்ப அக்கா வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. கூட வேலை பார்த்த பொண்ணு போன்ல சொல்லுச்சாம், கடையில ஸ்டூல் போட்டிருக்காங்கன்னு. அது மேல துணிக்கட்டு அடுக்கி வச்சிருக்காங்களாம்.

முதலாளிகளை மட்டும் திட்டிட்டுப் போயிடலாம்தான். ஆனா அக்கா இன்னொண்ணும் சொன்னாங்க. "உக்காந்துட்டே சேலை எடுத்துக் காட்டினா, 'என்ன மரியாதை இல்லாம'ன்னு மேனேஜரைக் கூப்பிடறது கஸ்டமர்தாண்டா." அந்த கஸ்டமர் வேற்று கிரகத்துல இருந்து வரலை மக்களே. நம்ம அம்மா, நம்ம அத்தை, நாமதான்.

என்னைக் கேட்டா விழிப்புணர்வு போஸ்டரைக் கடைக்கு வெளியில, நம்ம கண்ணுல படற மாதிரி ஒட்டணும். அதுவரைக்கும் செலவில்லாத ஒரு வேலை இருக்கு. அடுத்த தடவை துணி எடுக்கப் போனா, "உக்காந்தே காட்டுங்கம்மா, அவசரமில்லை"ன்னு மேனேஜர் காதுல விழற மாதிரி சொல்லுங்க. ஸ்டூல் மேல துணிக்கட்டு இருந்தா, அதை எங்கே வைக்கணும்னும் நீங்களே கேளுங்க.