வெள்ளி தீர்ந்தது, இசை தீரவில்லை!

ஓர் ஊரின் தொழில் ஒருநாள் நின்றுபோனால், அந்த ஊரில் என்ன மிஞ்சும்? தோட்டத்தில் பிறந்து, பிரட்டு மணி கேட்டு வளர்ந்த உங்களுக்கு இந்தக் கேள்வியின் கனத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இதே கேள்வி எழுந்த ஊர் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது. எண்ணூறு ஆண்டுகள் மண்ணைக் குடைந்து வாழ்ந்த ஊர் அது. இன்று அங்கே சுரங்கத் தொழில் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உலகின் பல நாடுகளிலிருந்தும் இசைக் கலைஞர்கள் அந்த ஊரைத் தேடி வருகிறார்கள். ஏன் வருகிறார்கள்? வாருங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

ஊரின் பெயர் ஃபிரைபெர்க். பெயரைக் கவனமாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் ஃபிரைபுர்க் என்று இன்னொரு நகரம் உண்டு. பயணச்சீட்டு வாங்கும்போது ஓர் எழுத்து மாறினால் நாட்டின் மறுகோடியில் போய் இறங்கி நிற்பீர்கள்! நம்முடைய ஃபிரைபெர்க் கிழக்குப் பகுதியில், சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது. 1990 வரை இது கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்திருந்தது. டிரெஸ்டன் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். மக்கள்தொகை ஏறத்தாழ 40,000.

வண்டித் தடத்தில் வெள்ளி

1168-ஆம் ஆண்டு வாக்கில் இந்தப் பக்கம் வெறும் காடும் ஒரு சிறு கிராமமும்தான். உப்பு ஏற்றிச் சென்ற வண்டிக்காரர்கள், சக்கரம் பதிந்த தடத்தில் ஒரு கல் மின்னுவதைக் கண்டார்களாம். எடுத்துப் பார்த்தால் வெள்ளித் தாது! இப்படித்தான் ஊரார் கதை சொல்கிறார்கள். கதை எப்படியிருந்தாலும், வெள்ளி கிடைத்தது உண்மை.

அந்த நாட்டை ஆண்ட சிற்றரசர் ஓட்டோ ஒரு காரியம் செய்தார். யார் வேண்டுமானாலும் வந்து தாது தேடலாம், கண்டெடுத்தால் தோண்டலாம், ஆண்டவருக்கு உரிய பங்கைக் கொடுத்துவிட்டால் போதும் என்று உரிமை வழங்கினார். பண்ணையடிமைகள் நிறைந்திருந்த அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எண்ணிப் பாருங்கள். ஏழைகள் நாலாபுறமிருந்தும் வந்து குவிந்தார்கள். ஃபிரைபெர்க் என்ற சொல்லின் பொருளே 'சுதந்திர மலை' என்பதுதான்.

ஆனால் சுதந்திர மலையின் உள்ளே வாழ்க்கை சுகமானதல்ல. ஏணி ஏணியாக இருட்டில் இறங்க வேண்டும். கையில் சிறு எண்ணெய் விளக்கு. உளியும் சுத்தியலும் கொண்டு பாறையைக் கொத்த வேண்டும். வேலை முடிந்ததும் களைத்த உடம்போடு அதே ஏணிகளில் ஏறி வர வேண்டும். நெஞ்சில் கல் தூசி படிந்து இளமையிலேயே மாண்டவர்கள் பலர். புனித பேதுரு தேவாலயக் கோபுரத்தில் ஒரு சிறு மணி இருக்கிறது. சுரங்கத் தொழிலாளரை வேலைக்கு அழைத்த மணி அது. விடியுமுன் அந்த ஓசை கேட்டு எழுந்தவர்களின் மனம் உங்களுக்குப் புரியாதா என்ன!

தொழிலாளியின் தோளில் நிற்கும் மேடை

இப்போது பேராலயத்துக்குள் நுழைவோம். 1484-இல் நகரில் பற்றிய பெருந்தீயில் பழைய ஆலயம் எரிந்துபோனது. அதன் வாசல் ஒன்று தப்பியது. 'பொன் வாசல்' என்று அழைக்கப்படும் அந்தக் கல் வாசல் 1230-ஐ ஒட்டிச் செதுக்கப்பட்டது. ஒரு காலத்தில் வண்ணமும் பொன்பூச்சும் மின்ன நின்றதால் அந்தப் பெயர். தீக்குப் பின் எழுந்ததுதான் இன்றுள்ள ஆலயம்.

உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் இரண்டு பிரசங்க மேடைகளைக் காண்பீர்கள். ஒன்று 1505-ஐ ஒட்டி உருவானது. மண்ணிலிருந்து தண்டு முளைத்து மேலே பூ விரிந்ததுபோல் கல்லில் வடித்திருக்கிறார்கள். துலிப் மேடை என்று அதற்குப் பெயர். கல் இப்படி வளையுமா என்று வியப்பீர்கள்.

ஆனால் நான் உங்களை நிறுத்திக் காட்ட விரும்புவது பக்கத்திலுள்ள மேடையை. அது 1638-இல் அமைக்கப்பட்டது. அதைத் தாங்கி நிற்பது யார்? சிங்கமல்ல, தேவதூதருமல்ல. வேலை உடையில் நிற்கும் சுரங்கத் தொழிலாளி! பாதிரியார் மேலே நின்று வேதம் சொல்ல, தொழிலாளி கீழே நின்று தாங்குகிறார். இந்த ஆலயம் யார் உழைப்பால் எழுந்தது என்பதை ஊரார் மறைக்கவில்லை. நட்டநடுவே எல்லோரும் காண நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த மேடையின் முன் சற்று நின்றுவிட்டுத்தான் நகர வேண்டும்.

வெள்ளி மனிதர்

இனித் திரும்பிப் பாருங்கள். நீங்கள் நுழைந்த பக்கத்தில், மாடத்தின் மேல், ஒரு சிறு அரண்மனை போல் எழுந்து நிற்கிறதே, அதுதான் ஆர்கன். இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

இதைச் செய்தவர் கோட்ஃபிரீட் சில்பர்மான். வேடிக்கை என்னவென்றால், அவருடைய பெயருக்கு 'வெள்ளி மனிதர்' என்று பொருள்! 1683-இல் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் தச்சர் மகனாகப் பிறந்தார். அண்ணன் அந்திரேயாஸ் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஆர்கன் செய்பவர். தம்பி அங்கே போய்த் தொழில் கற்றார். திரும்பி வந்தவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. அந்த இளைஞரை நம்பி, பேராலயத்துப் பெரிய ஆர்கனைச் செய்யும் வேலையை ஃபிரைபெர்க் ஒப்படைத்தது. 1714-இல் அது முடிந்தது. அவர் அந்த ஊரிலேயே பட்டறை அமைத்துத் தங்கிவிட்டார்.

ஆர்கன் என்றால் என்ன? நம் வீட்டு ஆர்மோனியப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் துருத்தியை அமுக்கினால் காற்று உள்ளேயுள்ள பித்தளை நாக்குகளை அதிரச் செய்கிறது. ஆர்கனில் காற்று குழல்களுக்குள் போகிறது. ஒவ்வொரு குழலும் ஒரு புல்லாங்குழல் அல்லது ஒரு நாகசுரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு குழல் ஒரே ஒரு சுரத்தைத்தான் ஒலிக்கும். ஆகவே எத்தனை சுரங்கள், எத்தனை விதக் குரல்கள் வேண்டுமோ அத்தனை குழல்கள் வேண்டும். இந்த ஆர்கனில் 2,500-க்கும் மேற்பட்ட குழல்கள் இருக்கின்றன. சில உங்கள் சுண்டுவிரலை விடச் சிறியவை. சில பதினாறு அடி நீளமுள்ளவை. கைக்கு மூன்று கட்டை வரிசைகள், காலுக்கு ஒரு வரிசை. வாசிப்பவர் பத்து விரல்களையும் இரண்டு பாதங்களையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும்.

குழல்களில் சில மரத்தால் ஆனவை. மற்றவை பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்து உருக்கி வார்த்த தகட்டால் ஆனவை. ஆம், கிந்தா பள்ளத்தாக்கில் நம்மவர்களும் சீனரும் தோண்டிய அதே ஈயம்தான். ஈயத்தைச் சுரண்டி எடுத்தால் பானை, டப்பா என்று எத்தனையோ செய்யலாம். பாடவும் வைக்கலாம் என்று கண்டவர்கள் இந்தக் கைவினைஞர்கள்.

இன்னொரு செய்தி. இந்தக் காலத்தில் ஆர்கனுக்கு மின்விசிறி காற்று தருகிறது. அந்தக் காலத்தில்? பின்னால் ஓர் அறையில் ஆட்கள் நின்று பெரிய துருத்திகளைக் காலால் மிதித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் ஒரு நிமிடம் நின்றால், எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் கட்டை பேசாது! வாசித்தவரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. மிதித்தவர்கள் பலரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இசை கேட்கும்போது அவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சில்பர்மான் தம் வாழ்நாளில் சுமார் ஐம்பது ஆர்கன்கள் செய்தார். இசை மேதை பாக் 1736-இல் டிரெஸ்டன் மாதா ஆலயத்தில் சில்பர்மான் செய்த புதிய ஆர்கனை வாசித்தார். 1945 பிப்ரவரியில் நடந்த குண்டுவீச்சில் அந்த ஆர்கன் அழிந்துபோனது. ஃபிரைபெர்க் பேராலய ஆர்கன் தப்பியது. 1753-இல், டிரெஸ்டனில் இன்னொரு பெரிய ஆர்கனைச் செய்துகொண்டிருந்தபோதே சில்பர்மான் காலமானார். மாணவராக இருந்த ஹில்டெபிராண்ட் அதை முடித்து வைத்தார்.

விழா நாட்கள்

சில்பர்மான் மறைந்து 225 ஆண்டு நிறைந்த 1978-ஐ ஒட்டி, அவர் பெயரில் விழா நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் மாதத்தில், 'சில்பர்மான் நாட்கள்' நடைபெறுகின்றன. வாசிப்பது பெரும்பாலும் பரோக் இசை. அதாவது 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் செழித்த இசை. பாக், ஹேண்டல், ஷூட்ஸ் ஆகியோர் அந்தக் காலத்தவர்கள். இந்த ஆர்கன்களும் அதே காலத்தவை. அந்த இசையை எந்தக் கருவிக்காக எழுதினார்களோ, அந்த மாதிரிக் கருவியிலேயே கேட்பது இந்த விழாவின் தனிச்சிறப்பு.

விழா பேராலயத்தோடு நின்றுவிடுவதில்லை. ஊரில் புனித யாக்கோபு ஆலயத்திலும் புனித பேதுரு ஆலயத்திலும் சில்பர்மான் ஆர்கன்கள் உண்டு. சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் உண்டு. ஃபோர்ஹைம் கிராமத்தில் 1726-இல் வைத்தது, ஹெல்பிக்ஸ்டோர்ஃபில் 1728-இல் வைத்தது, நாசாவில் 1748-இல் வைத்தது எல்லாம் இன்றும் பாடுகின்றன. நூறு இருநூறு பேர் அமரக்கூடிய சிறிய ஆலயத்தில், விவசாயிகளோடு தோள் உரச உட்கார்ந்து உலகத் தரமான இசையைக் கேட்கலாம்.

விழாவோடு இளைஞர்களுக்கான ஆர்கன் போட்டியும் நடக்கிறது. பல நாட்டு இளங்கலைஞர்கள் வருகிறார்கள். பழைய ஆர்கனை வாசிப்பது எளிதல்ல. புதிய கருவியில் பொத்தானை அழுத்தினால் குரல் மாறும். இதில் குமிழைக் கையால் இழுக்க வேண்டும். சில சுரங்கள் கட்டையிலேயே இல்லை! கருவி தனக்கு வளையாது. தான்தான் கருவிக்கு வளைய வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டு போகிறார்கள்.

ஆலயத்தில் இசை கேட்பதும் ஒரு புது அனுபவம். நீங்கள் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். வாசிப்பவர் உங்களுக்குப் பின்னால், உயரத்தில். அவர் முகம் தெரியாது. ஒலி மட்டும் தலைக்கு மேலாக வந்து இறங்கும். கீழ்க் குரல் ஒலிக்கும்போது நீங்கள் அமர்ந்திருக்கும் பலகையே அதிரும். கடைசிச் சுரம் நின்ற பிறகும் கல் சுவர்களுக்கிடையே அது சுற்றிக்கொண்டிருக்கும். அது அடங்கும் வரை யாரும் அசைவதில்லை.

புறப்படுமுன் பீடத்துக்கு அப்பாலுள்ள சிற்றாலயத்தையும் பார்த்துவிடுங்கள். அங்கே அரச குடும்பத்தினரின் சமாதிகள் இருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தேவதூதர்கள் இசைக் கருவிகளோடு அமர்ந்திருப்பார்கள். வெறும் பொம்மைக் கருவிகள் என்றே பல காலம் எண்ணியிருந்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது பல கருவிகள் மெய்யானவை என்று தெரிந்தது! 1590-களில் அந்த வட்டாரக் கைவினைஞர்கள் செய்த வயலின்களும் ஊதுகருவிகளும் அங்கே இருக்கின்றன. யாரும் எடுத்து வாசிக்காததால் தேயாமல், உடையாமல் காத்திருந்தன. அவற்றைப் பார்த்து லைப்சிக் அறிஞர்கள் புதிதாகச் செய்வித்த கருவிகளில் இன்று பழைய இசையை வாசிக்கிறார்கள்.

மிஞ்சியது என்ன?

வெள்ளியின் கதை எப்படி முடிந்தது? 1870-களில் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது. உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்தது. தோண்டும் செலவுக்கே கட்டவில்லை. 1913-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிறகு காரீயத்துக்காகவும் துத்தநாகத்துக்காகவும் 1930-களில் மீண்டும் திறந்தார்கள். 1969-இல் அதுவும் முடிந்தது. எங்கோ விலை இறங்க, இங்கே அடுப்பு அணைந்த கதைதான், நமக்குப் புதிதல்ல.

ஆனால் அந்த மக்கள் எல்லாவற்றையும் கைவிட்டுவிடவில்லை. 1765-இல் தொடங்கிய சுரங்கவியல் கல்விக்கூடம் இன்று பல்கலைக்கழகமாக நடக்கிறது. ஒரு பழைய சுரங்கத்தை மாணவர்கள் படிக்கவும் பயணிகள் பார்க்கவும் திறந்து வைத்திருக்கிறார்கள். திருவிழாவில் பாட்டன் அணிந்த சுரங்க உடையைப் பேரன் அணிந்து ஊர்வலம் போகிறான். 2019-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இந்தச் சுரங்க வட்டாரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

வாசகர்களே! மண்ணுக்குள்ளிருந்து எடுத்த வெள்ளி நாணயமாகி எங்கெங்கோ போய்விட்டது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து, ஒரு தச்சர் மகனை நம்பிச் செய்வித்த கருவி மட்டும் 300 ஆண்டுகள் கடந்தும் ஊரை விட்டுப் போகவில்லை.

நம் தோட்டங்களிலும் கோயில் மேளம் இருந்தது. பஜனைப் பெட்டி இருந்தது. கும்மியும் தாலாட்டும் இருந்தன. தோட்டம் கைமாறலாம், வீடு மாறலாம். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ஆர்மோனியமோ மிருதங்கமோ இருந்தால், இந்த வாரமே இறக்கித் தூசு தட்டுங்கள். பாட்டி பாடும் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.